நடக்கத் தடை! படுக்கத் தடை!

(படிப்பகமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சட்டமும் சாமானியனும்" என்ற தலைப்பிலே பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடிவந்தவன் நான். அவனை அழைத்துச் சட்டம் பேசச் சொல்கிறார்கள்! துணிச்சல் யாருக்கு அதிகம், எனக்கா அவர்களுக்கா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனாலும் பேசுகிறேன். சட்டம் என்பது வழக்கறிஞர் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலே தூங்கும் தடித்த நூல்களிலே மட்டும் இருப்பதன்று. அது மலைமேல் இருக்கிறது, மண்மேல் இருக்கிறது, வழிநடைக்காரன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியின் கீழும் இருக்கிறது. இன்று உங்களிடம் நான் கூற வந்திருப்பது ஒரு மலைப் பாதையின் கதை. இங்கிலாந்து நாட்டுப் பாதை. 268 மைல் நீளம். அந்தப் பாதையை, "இது மக்கள் நடக்கும் வழி, மறிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை" என்று ஓர் அரசு ஒப்புக்கொள்ள எத்தனை ஆண்டு பிடித்தது, எவரெவர் சிறை புகுந்தனர், எந்தெந்த விதியைக் காட்டி இழுத்தடித்தனர் என்பதே கதை.

பாதைக்கா இத்தனை பாடு என்று கேட்பீர். பாதை என்றால் நிலம், தோழரே! நிலம் என்றதும் நிலவுடைமையாளன் வருவான். அவன் பின்னே வேலி வரும். வேலி பின்னே காவலாள் வருவான். காவலாள் பின்னே வழக்கு வரும். இது எந்த நாட்டிலும் மாறாத வரிசை.

இங்கிலாந்திலே ஊர்ப் பொது நிலங்கள் இருந்தன. ஏழையின் ஆடு மேயும், ஏழையின் அடுப்புக்கு விறகு கிடைக்கும். அந்த நிலங்களை வேலியிட்டு வளைத்துத் தனியார் கையில் ஒப்படைத்தது யார்? கொள்ளைக்காரனா? இல்லை, பாராளுமன்றம்! 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள். அவற்றால் அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பிலே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். திருட்டு என்று எவரும் கூற முடியாது. ஒவ்வொன்றுக்கும் முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, மூன்று முறை வாசித்து முறைப்படி நிறைவேற்றிய சான்று இருந்தது!

நிலம் பறிபோனவர் எங்கே போவர்? ஆலைக்குப் போனார்கள். மான்செஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்குத் துணி நினைவுக்கு வரும். அந்தத் துணி ஆலைகளின் புகைக்கும், ஷெபீல்டு நகரத்து எஃகு உலைகளின் புகைக்கும் இடையே நிமிர்ந்து நிற்கிறது கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலம். உயரம் 2,087 அடி. ஆறு நாள் ஆலையிலே இருமிய தொழிலாளி, ஏழாம் நாள் அதன் மேலேறி நல்ல காற்றை நாலு வாய் குடிக்க விரும்பினான். பொல்லாத ஆசையா அது? பிரபுவின் மாளிகையையா பங்கு கேட்டான்? காற்றைக் கேட்டான், தோழரே, காற்றை!

கிடைக்கவில்லை. கிண்டர் மேடு டெவன்ஷயர் கோமகனுடையது. அங்கே கிரவுஸ் என்னும் காட்டுக் கோழி வளர்ந்தது. ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை அந்தக் கோழியைச் சுடும் பருவம். கோமான்களும் அவர்தம் விருந்தினரும் துப்பாக்கியோடு சில நாட்கள் வருவர், சுடுவர், போவர். அந்தச் சில நாள் வேட்டை கெடக்கூடாது என்பதற்காக ஆண்டு முழுதும் காவல், ஆண்டு முழுதும் தடை! கோழிக்குக் கிடைத்த மலை கூலிக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

"அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்" என்று பலகை வேறு. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பலகையே ஒரு பொய். பிறர் நிலத்திலே வெறுமனே நடப்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி உரிமையியல் தகராறு, குற்றமன்று. சேதம் இருந்தால் நட்டஈடு கேட்கலாம், தடையுத்தரவு கேட்கலாம். நடந்ததற்காக மட்டும் தண்டிக்க வழியில்லை. மரப்பலகையிலே எழுதிய அந்தப் புளுகைக் கண்டு தலைமுறை தலைமுறையாக மக்கள் அஞ்சினர். படிக்கத் தெரிந்தவனை மிரட்டப் பலகை, படிக்கத் தெரியாதவனை மிரட்டக் காவலாள்!

1932 ஏப்ரல் 24. ஞாயிற்றுக்கிழமை. ஹேபீல்டு என்ற சிற்றூர்க் கற்சுரங்கத்திலே ஏறத்தாழ 400 பேர் கூடினர். தலைமை தாங்கியவன் பென்னி ராத்மன், வயது 20, வேலையின்றி இருந்த மோட்டார்த் தொழிலாளி, பொதுவுடைமை இளைஞர் கழகத்தான். பாறைமீது ஏறிப் பேசினான். "போவோம்" என்றான். போனார்கள். மேட்டுச் சரிவிலே காவலர் தடுத்தனர். கைகலப்பு. காவலர் ஒருவர் காயமுற்றார். கூட்டம் மேலே சென்றது. மறுபுறத்து ஷெபீல்டிலிருந்து வந்தவர்களைச் சந்தித்துத் தழுவிக்கொண்டது. வெற்றிக் களிப்போடு கீழே இறங்கியது. ஊர் எல்லையிலே காத்திருந்தது போலீசு.

ஆறு பேர் பிடிபட்டனர். டெர்பி நகரத்து மன்றத்திலே ஜூலையில் வழக்கு. நடந்ததைக் குற்றமாக்க முடியாது என்றேனே, ஆகவே வேறு பெயர் சூட்டினர். சட்டவிரோதக் கூட்டம், கலகம், அமைதிக்குப் பங்கம்! குற்றச்சாட்டை ஆராய அமர்ந்த பெரு ஜூரியிலே இருந்தவர் எவர்? படைத் தளபதிகள், கர்னல்கள், மேஜர்கள், நாட்டுப்புறச் சீமான்கள்! ஆலைத் தொழிலாளியின் நடையை எடை போட வேட்டைப் பிரபுக்களின் உறவுமுறையே உட்கார்ந்திருந்தது. ஐவருக்குச் சிறை. இரண்டு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை. ராத்மனுக்கு நான்கு. காற்று வாங்கப் போனவன் கம்பி எண்ணினான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். நடைப்பயணச் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் தலைவர்கள் இந்த அத்துமீறலை ஆதரிக்கவில்லை, கண்டித்தார்கள். "பொறுமையாக மனுச் செய்து வருகிறோம், பையன்கள் கெடுத்துவிட்டார்களே" என்பது அவர்கள் வருத்தம். மனுவின் கதை என்ன? மலைமேல் மக்கள் செல்ல உரிமை கோரும் மசோதாவை ஜேம்ஸ் பிரைஸ் என்ற உறுப்பினர் முதன்முதலாகக் கொண்டுவந்தது 1884இல். தோற்றது. மீண்டும் வந்தது, மீண்டும் தோற்றது. 1939இல் ஒருவழியாக "மலைகளுக்குச் செல்லும் சட்டம்" பிறந்தது. 55 ஆண்டுத் தவம்! பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்தால், தாயே அலறும் உருவம்! குழுவுக்குப் போய், அங்கே திருத்தம், இங்கே திருத்தம் என்று நிலவுடைமையாளர் கை பட்டுப் பட்டு, இறுதியிலே அந்தச் சட்டம் செய்தது என்ன தெரியுமா? அதுவரை குற்றமாக இல்லாத அத்துமீறலைச் சில நிலைமைகளிலே குற்றமாகவே ஆக்கிவிட்டது! பெயர் "மலைக்குச் செல்லும் சட்டம்". உள்ளே இருந்தது மலைக்குப் போனவனைத் தண்டிக்கும் விதி. போர் மூண்டது, அந்தச் சட்டம் செயலுக்கு வராமலே கிடந்து 1949இல் ஒழிந்தது. மசோதாவின் தலைப்பைப் படித்துவிட்டுக் கைதட்டும் பழக்கம் நம்மிலே சிலருக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இதைச் சற்று நீட்டிக் கூறினேன்.

அத்துமீறியவர் செய்தது சரியா, மனுச் செய்தவர் செய்தது சரியா என்று நாள் முழுதும் வழக்காடலாம். என் கருத்து: மனுவுக்குக் கால் இல்லை, ராத்மன் அதற்குக் கால் கொடுத்தான். அந்த ஆண்டுக் கோடையிலேயே வின்னட்ஸ் கணவாயிலே கூடிய நடைப்பயணத்தார் 10,000 பேர் என்பார்கள்.

அடுத்து வருகிறார் நம் இனத்தவர் ஒருவர். எழுத்தாளர் இனத்தைச் சொல்கிறேன். டாம் ஸ்டீபன்சன். சிறுவனாகவே சீட்டித் துணி அச்சடிக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். முதல் உலகப் போரிலே துப்பாக்கி ஏந்த மனச்சான்று இடம்தராது என்று மறுத்துச் சிறை சென்றவர். தொழிலாளர் கட்சிச் சார்புடைய 'டெய்லி ஹெரால்டு' நாளேட்டிலே 1935 ஜூன் 22 அன்று ஒரு கட்டுரை தீட்டினார். இங்கிலாந்தின் முதுகெலும்பு போலக் கிடக்கும் பென்னைன் மலைத்தொடர் நெடுகத் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைவரை ஒரு நெடும் பசும் பாதை வேண்டும் என்று கேட்டார். ஒரு கட்சி ஏட்டின் ஒரு நாளைக் கட்டுரை! மறுநாள் அந்தத் தாளிலே மீன் மடித்திருப்பார்கள். ஆனால் எழுதியவர் மடங்கவில்லை. 1948இல் பாராளுமன்ற உறுப்பினர்களை, ஹியூ டால்டன், பார்பரா காசில் முதலானோரை, அழைத்துக்கொண்டுபோய் அந்த மலையிலே நடக்கவைத்தார். சட்டம் இயற்றுபவன் கால் வலித்தால்தான் சட்டத்திலே உயிர் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அட்லியின் தொழிலாளர் ஆட்சி. அமைச்சர் லூயிஸ் சில்கின் கொண்டுவர, 1949 டிசம்பரிலே பிறந்தது தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற நுழைவுரிமைச் சட்டம். திறந்தவெளிக்கான மக்கள் பட்டயம் என்று அவர் அதைப் போற்றினார். இதிலேதான் ஒரு பாதையை அரசு எவ்வாறு பாதையாக அறிவிப்பது என்ற முறை எழுதப்பட்டது. சற்றுப் பொறுமையோடு கேளுங்கள், இங்கேதான் சூட்சுமம்.

தேசியப் பூங்கா ஆணையம் ஒன்று. பெரும்பகுதியும் வண்டி ஓடும் சாலை வழியே போகாமல், மக்கள் நெடுந்தொலைவு நடந்தோ குதிரையிலோ செல்லத்தக்க வழி ஒன்று வேண்டும் என்று ஆணையம் கருதினால், அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையோடு வரைபடம். எங்கே ஏற்கெனவே வழிநடைப் பாத்தியம் உண்டு, எங்கே புதிதாக உண்டாக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். வழியிலுள்ள உள்ளாட்சி மன்றங்களோடெல்லாம் கலந்து பேச வேண்டும். அறிக்கை அமைச்சரிடம் போகும். அவர் அப்படியே ஏற்கலாம், மாற்றி ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? ஆறு குறுக்கிட்டால் படகுக்கும், இரவானால் தங்குமிடத்துக்கும், பசித்தால் உணவுக்கும் ஏற்பாடு செய்வதுபற்றி அதே அறிக்கையிலே கூறலாம் என்று சட்டம் எழுதிற்று! பூங்காப் பகுதிகளிலே கூடாரமடிக்கும் இடங்களை உள்ளாட்சியே அமைக்கலாம் என்று இன்னொரு விதி. நடப்பவனுக்கு வயிறு உண்டு, களைப்பு உண்டு, தூக்கம் உண்டு என்று நினைவு வைத்திருந்த சட்டம்! இத்தகைய சட்டங்களை நான் அதிகம் கண்டதில்லை.

1951இல் பென்னைன் பாதைக்கு அமைச்சரின் ஒப்புதல் கிடைத்தது. சரி, மறுநாளே மக்கள் நடந்தார்களா? அதுதான் இல்லை! ஒப்புதல் என்பது தாளிலே கோடு. அந்தக் கோட்டிலே ஏறத்தாழ 70 மைலுக்கு வழியுரிமையே கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளரோடு உடன்படிக்கை செய்ய வேண்டும்; மறுத்தால் உள்ளாட்சி மன்றம் ஆணை பிறப்பிக்க வேண்டும்; ஆணைக்கு ஆட்சேபம் வரும்; ஆட்சேபத்துக்கு விசாரணை வரும். "பாதை வரட்டும், என் நிலம் வழியாக வரவேண்டாம்" என்று நயமாகக் கூறுவர். தண்ணீர்க் கழகம் ஒன்று தடுக்கும், கோழி வேட்டைக்காரர் ஒருவர் தடுப்பார், மன்றம் ஒன்று கோப்பின்மேல் அமர்ந்துகொள்ளும். இப்படிப் 14 ஆண்டு! போராடிச் சட்டம் பெறுவது பாதி வேலை. பெற்ற சட்டத்தைத் துண்டு துண்டாக, வயல் வயலாக, வரப்பு வரப்பாக நிறைவேற்றுவது மறுபாதி. முதற்பாதிக்கு ஊர்வலம் உண்டு, மாலை உண்டு. மறுபாதிக்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை, கோப்பு மட்டுமே உண்டு.

1965 ஏப்ரல் 24 அன்று மாலம் மேட்டிலே பாதை திறக்கப்பட்டது. தேதியைக் கவனித்தீரா? ராத்மன் கிண்டர் மேடேறிய அதே ஏப்ரல் 24. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து. திறந்துவைத்த அமைச்சர் பிரெட் வில்லி, 1948இல் ஸ்டீபன்சன் நடக்க அழைத்துச் சென்ற உறுப்பினர்களில் ஒருவர். பாதை ஈடேல் ஊரிலே தொடங்கி, எந்தக் கிண்டர் மேட்டிலே ஏறியதற்காகச் சிறை தந்தார்களோ அதே மேட்டின்மீது அன்று ஏறிச் சென்றது. நான் நாடகத்திலே இப்படி எழுதினால், "பொருத்தம் அதிகமாகிவிட்டது, குறைத்துக்கொள்" என்பார்கள்!

2002இல், எழுபதாம் ஆண்டு நினைவு விழாவிலே, அன்றைய டெவன்ஷயர் கோமகன் மக்கள் முன்னே வந்து தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று வருத்தம் தெரிவித்தார். பெருந்தன்மைதான், ஒப்புக்கொள்வோம். அதைக் கேட்க ராத்மன் இல்லை. அந்த ஆண்டு சனவரியிலே கண்மூடிவிட்டான்.

நெடும்பாதை மட்டுமன்று, ஊர்தோறும் உள்ள ஒற்றையடிப் பாதைகளையும் பதிவு செய்ய அதே 1949 சட்டம் வழி செய்தது. நம் ஊர்ப் பத்திரங்களிலே "அனுபோக பாத்தியம்" என்பார்களே, அதுபோல் 20 ஆண்டு தடையின்றி மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி எனக் கொள்ளலாம் என்ற விதி, ராத்மன் சிறை சென்ற அதே 1932இல் சட்டமானது. 1949க்குப் பின் ஒவ்வொரு மாவட்ட மன்றமும் பாதைகளைக் கணக்கெடுத்து, நகல் படம், இடைக்காலப் படம், அறுதிப் படம் என்று மூன்று படியிலே வரைய வேண்டும். அறுதிப் படத்திலே கோடு ஏறிவிட்டால் அது மறுக்க முடியாத சான்று. ஏறாவிட்டால்? இரண்டாயிரமாவது ஆண்டுச் சட்டம், பழைய பாதைகளை 2026க்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை அற்றுப்போகும் என்று கெடு வைத்தது. மக்கள் பழைய வரைபடங்களைத் தேடி ஆவணக் களரிகளுக்கு ஓடினர். பின்னர் கெடுவை 2031க்குத் தள்ளினர். 2024 டிசம்பரிலே, கெடுவையே நீக்கிவிடப்போவதாக அரசு அறிவித்தது. மறப்பதற்குக் காலவரையறை விதிக்கும் சட்டத்தை அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

அந்த இரண்டாயிரமாவது ஆண்டுச் சட்டம் நல்லதும் செய்தது. மலை, மேட்டு நிலம், புதர்க்காடு, புல்மேடு, பதிவான பொது நிலம் இவற்றைப் படமெடுத்துக் காட்டி, பாதையைவிட்டு விலகியும் மக்கள் நடக்கலாம் என்று கதவு திறந்தது. இங்கிலாந்துப் பரப்பிலே ஏறத்தாழ 8 விழுக்காடு. ஆனால் பின்னிணைப்பிலே ஒரு சிறு வரி: அங்கே கூடாரமடிக்க உரிமை இல்லை! நடக்கலாம், படுக்கலாகாது.

படுப்பதென்றால் ஏன் இத்தனை அச்சம்? வேர் ஆழமானது, தோழரே. 1824ஆம் ஆண்டு நாடோடித் தடைச் சட்டத்தைப் பாருங்கள். வெட்டவெளியிலோ, கூடாரத்தின் கீழோ, வண்டியிலோ தங்கிய ஏழை தன்னைப்பற்றி நல்ல விளக்கம் தராவிட்டால் குற்றவாளி. அதை நீக்குவதற்கே 2022வரை பாராளுமன்றம் காத்திருந்தது. அப்போதும் நீக்கம் நடைமுறைக்கு வரும் நாளைப் பின்னால் குறித்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. வீடுள்ளவன் கூடாரமடித்தால் பொழுதுபோக்கு, வீடற்றவன் கூடாரமடித்தால் குற்றம்! துணி ஒன்று, கயிறு ஒன்று, முளை ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு.

இந்தத் தூக்கப் பிரச்சினை அண்மையிலே உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. டார்ட்மூர் என்ற மேட்டு நிலம், டெவன் மாவட்டம். 1985ஆம் ஆண்டு டார்ட்மூர் பொதுநிலச் சட்டம், திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக மக்கள் நடந்தும் குதிரையிலும் அந்நிலம் புகலாம் என்றது. மக்கள் சிறு கூடாரத்தை முதுகிலே சுமந்துபோய் இரவு தங்கிவந்தார்கள். அங்கே சில ஆயிரம் ஏக்கருக்கு உரிமையாளரான ஒரு குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். வாதம் என்ன? "நடந்தும் குதிரையிலும் என்றுதானே சட்டம் சொல்கிறது? படுத்தும் என்று சொல்லவில்லையே!"

என் போன்ற நாடகக்காரனுக்கு விருந்தல்லவா இது! மேடையிலே காட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். வழக்கறிஞர் ஒருவர், வழிப்போக்கர் ஒருவர்.

"ஐயா, நிற்கலாமா?" "நிற்கலாம்." "களைத்தால் உட்காரலாமா?" "உட்காரலாம்." "சாய்ந்தால்?" "சற்றே சாயலாம்." "கண் மூடினால்?" "எவ்வளவு நேரம்?" "விடியும்வரை." "ஆ! அது அத்துமீறல்!" "நட்சத்திரத்தைப் பார்த்தபடி விழித்தே கிடந்தால்?" "அது பொழுதுபோக்கு." "பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டால்?" "அதற்கு முந்திய நொடியிலே நீர் எழுந்துவிட வேண்டும்!"

சிரிக்கிறீர்கள். ஆனால் 2023 சனவரியிலே உயர்நீதிமன்றம் நில உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. உரிமை போயிற்று. அனுமதி வந்தது! பூங்கா அமைப்பு நிலவுடைமையாளர்க்குப் பணம் கொடுத்து, அவர் மனமுவந்து அனுமதிக்கும் இடத்திலே மக்கள் தங்கலாம் என்று ஏற்பாடு. நேற்றுவரை தம்முடையதாக இருந்ததை இன்று பொதுப் பணத்திலே இரவல் வாங்குகிறார்கள்! மக்கள் பொறுக்கவில்லை. அந்த மாதமே ஆயிரக்கணக்கில் டார்ட்மூரிலே திரண்டு நடந்தனர். பூங்கா அமைப்பு மேல்முறையீடு செய்தது. ஜூலையிலே மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பைத் திருப்பிற்று. உரிமையாளர் உச்ச நீதிமன்றம் ஏறினர். 2025 மே 21 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்: நடந்தும் குதிரையிலும் என்பது உள்ளே வரும் முறையைக் குறிப்பது, வந்தபின் செய்யும் திறந்தவெளிப் பொழுதுபோக்கு என்பது விரிந்த சொல், கூடாரமடித்துத் தங்குவதும் அதிலே அடங்கும்.

குறை கூறுவோர் பக்கத்திலே நியாயமே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. ஆடு மேய்க்கும் குடியானவன் இருக்கிறான். நாயை அவிழ்த்துவிட்டால் குட்டியை இழப்பவன் அவன். தீ மூட்டினால் எரிவது அவன் மேய்ச்சல். கோழி சுடும் கோமகனையும் ஆடு மேய்க்கும் குடியானவனையும் ஒரே தராசிலே வைப்பது அறமன்று. அதற்கும் வழி இருக்கிறது. டார்ட்மூரிலே தீ மூட்டத் துணைவிதி தடை செய்கிறது. சிறு கூடாரத்தோடு இரண்டோர் இரவிலே கிளம்பிவிட வேண்டும். ஸ்காட்லாந்து 2003இல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலே நடக்கலாம், கூடாரமடிக்கலாம் என்று உரிமையை முதலில் கொடுத்துப் பொறுப்பைப் பின்னாலே சேர்த்தது. கூட்டம் நெரிந்த லோமண்ட் ஏரிக்கரை போன்ற இடங்களில் மட்டும் 2017 முதல், மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை, அனுமதிச் சீட்டு வேண்டும் என்றனர். இங்கிலாந்திலே தடை பொதுவிதி, உரிமை விலக்கு. ஸ்காட்லாந்திலே உரிமை பொதுவிதி, தடை விலக்கு. ஒரே தீவு. எல்லையைத் தாண்டினால் தூங்குகிறவனின் சட்டம் தலைகீழாகிறது. பென்னைன் பாதை முடியும் கிர்க் யெட்டம் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர். 268 மைல் நடந்து வருபவன், கடைசி மைல்களிலேதான் கேட்காமல் கூடாரமடிக்கும் உரிமையைப் பெறுகிறான்.

டார்ட்மூர்ப் பொதுநிலத்தின் வேலியைத் தாண்டினால் இங்கிலாந்திலே இன்றும் உரிமையாளர் அனுமதி கேட்க வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கடற்கரை நெடுக 2,700 மைல் பாதைக்கு வழி வகுத்தார்கள். அதிலும் நடக்கலாம், படுக்க உரிமை இல்லை. டார்ட்மூர்த் தீர்ப்பு வந்தபின், அந்த உரிமையை நாடு முழுவதற்கும் விரித்துத் தா என்று நடைப்பயணத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனு எழுதுவோர் எழுதுகிறார்கள். மலையேறுவோர் ஏறுகிறார்கள்.